எரிந்த லயமும் சபையின் பாதீடும்: ஒரு நிகழ்வு ஆய்வு

அந்த இரவைப் பற்றிக் கேட்டால் தோட்டத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறார்கள். முதலில் நாய் குரைத்தது, அப்புறம் தகரம் வெடிக்கிற சத்தம். கடைசிக் காம்பராவில், அதாவது கடைசி அறையில், பழைய மின்கம்பி பற்றிக்கொண்டது என்றார்கள். லயம், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு, எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தவர்களுக்கு மீதியைச் சொல்லத் தேவையில்லை. 12 காம்பராவுக்கும் சேர்த்து ஒரே முகடு. நடுச்சுவர்கள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நின்றுவிடும், கூரையைத் தொடாது. ஒரு முனையில் பிடித்த தீ அந்த இடைவெளி வழியாகவே மறுமுனைக்குப் போய்விட்டது. டவுனிலிருந்து வந்த தீயணைப்பு வண்டி, கடைசித் திருப்பத்தில் பாதை உடைந்து கிடந்ததால் மேலே ஏற முடியாமல் நின்றது. விடியும்போது சுவர்களும் இரண்டு கோழிக்கூடுகளும் மட்டும் மிச்சம்.

இது நடந்தது 2019இன் தொடக்கத்தில், நுவரெலியா மாவட்டத்தில். தோட்டத்தின் பெயரையும் சபையின் பெயரையும் எழுதவில்லை. அந்த மக்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள், அதே ஒபிஸ்களுக்குத்தான் ஏறி இறங்குகிறார்கள். அதன் பிறகான 6 ஆண்டுகளில் ஒரு பிரதேச சபை இவர்களுக்காக எதைச் செலவழித்தது, எதைச் செலவழிக்கவில்லை, ஏன் என்பதுதான் இந்த எழுத்தின் விஷயம். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டு வாங்கிய சில பக்கங்களும், சபை அமர்வுகளில் பார்வையாளர் வாங்கிலில் உட்கார்ந்து எழுதிய குறிப்புகளும் என்னிடம் உண்டு.

முதல் சிக்கல் எண்ணிக்கையில் வந்தது. தோட்ட ஒபிஸின் பட்டியலில் 12 குடும்பம், ஏனென்றால் காம்பரா 12. கிராம உத்தியோகத்தரின் பட்டியலில் 15. கோவில் மண்டபத்தில் மாதர் சங்கத்து அக்கா அடுப்புகளை எண்ணிப் பார்த்தபோது 19. கல்யாணம் முடித்த மகன் இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, தகரத்தால் மறைத்துக்கொண்டு தனியாகச் சமைப்பது லயத்தில் சாதாரணம். அந்தக் குடும்பம் வாக்காளர் பட்டியலில் இருக்கும், ரேஷன் கணக்கில் பாதி இருக்கும், தோட்டத்தின் காம்பராக் கணக்கில் இருக்கவே இருக்காது. எரிந்தது 12 என்று எழுதிய நிமிடத்திலேயே 7 குடும்பங்கள் காகிதத்திலிருந்து மறைந்துவிட்டன. அந்த 7 பேரை மறுபடி எழுத வைக்கவே ஒன்றரை வருடம் போனது.

இரண்டாவது சிக்கல் இதைவிடப் பெரியது. இவர்களை எந்தப் பெயரால் அழைப்பது?

"வீடற்றோர்" என்றால் நம்முடைய அலுவலகங்களுக்குத் தெரிந்தது பஸ் தரிப்பிடத்தில் படுத்திருக்கிற ஆள். அந்த ஆளுக்கென்று 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இருக்கிறது, அது பொலிஸ் விஷயம். லயத்தில் இருப்பவர் வீடற்றவர் இல்லை, குடிசன மதிப்பீட்டில் லயன் அறையும் ஒரு வகைக் குடியிருப்புதான். ஆனால் அவர் வீட்டுச் சொந்தக்காரரும் இல்லை. காணி உறுதிப் பத்திரம் இல்லை, வாடகை ஒப்பந்தம் இல்லை, வேலை இருக்கும்வரை இருப்பு. எனவே காம்பரா எரிந்தபோது சட்டத்தின் கண்ணில் இவர்கள் இழந்தது வீடு அல்ல, கம்பெனியின் கட்டடத்தில் ஓர் இடம். பிரதேச செயலகம் இவர்களை "தற்காலிகமாக இடம்பெயர்ந்தோர்" என்று எழுதியது. அந்தப் பெயருக்கு உலருணவு உண்டு, பாய் உண்டு, தறப்பாள் உண்டு. வீடு கிடையாது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பாதீட்டில், அதாவது வரவு செலவுத் திட்டத்தில், ஒவ்வொரு ரூபாயும் ஒரு தலைப்பின் கீழேதான் உட்காரும். இவர்களுக்கென்று சபையில் ஒரு தலைப்பு இருந்ததேயில்லை.

சரி, யாரிடம் கேட்பது? துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம், போனால், கட்டடம் எங்களுடையது, வீடமைப்பு எங்கள் வேலையில்லை, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்திடம் கேளுங்கள் என்றார். நிதியத்தில், அமைச்சின் பட்டியலில் பெயர் வரவேண்டும் என்றார்கள். அமைச்சில், முதலில் காணி விடுவிக்கப்பட வேண்டும் என்றார்கள். காணியோ அரசுடையது. 1992இல் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கொடுத்தபோது 53 வருடக் குத்தகை. அது முடிய 2045 ஆகும். அதனால் காணிக்கு மறுபடி துரையின் கையெழுத்து வேண்டும். சுற்றி வந்து அதே ஒபிஸ் வாசல். இந்தச் சுற்றுக்கு வெளியே, மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த ஒரே நிறுவனம் பிரதேச சபைதான்.

ஆனால் அந்தச் சபைக்கும் தோட்டத்துக்கும் இடையில் நெடுங்காலம் ஒரு வேலி இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, சபை நிதியைத் தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்றே சொல்லி வந்தார்கள். தோட்டத்து மக்கள் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளர்கூட ஆகலாம். தங்கள் லயத்துக் கானைத் துப்புரவாக்கச் சபைப் பணத்தைத் தொட முடியாது. 2018இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் இரண்டு பெரிய சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டன. நுவரெலியாவிலிருந்து கொட்டகலையும் அக்கரபத்தனையும், அம்பகமுவவிலிருந்து நோர்வூட்டும் மஸ்கெலியாவும் தனிச் சபைகளாயின. நம்முடைய லயம் எரிந்தபோது சட்டத்தின் வேலி விழுந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

வேலி விழுந்தது, பெட்டி நிரம்பவில்லை. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் மேடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

ஒரு பிரதேச சபையின் சொந்த வருமானம் எங்கிருந்து வருகிறது? கட்டடங்கள் நெருங்கிய பகுதிகளில் சோலை வரி, அதாவது கட்டட வரி. பயிர்க்காணிக்கு ஏக்கர் வரி. கடை அனுமதிப் பத்திரம், சந்தைக் குத்தகை. காணி கைமாறும்போது வசூலாகும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபை வழியாக வரும். இப்போது இந்தப் பட்டியலை ஒரு தோட்டப் பகுதியின் மேல் வைத்துப் பாருங்கள். லயத்துக்குச் சோலை வரி இல்லை. உறுதி இல்லாத இடத்தில் காணி விற்பனை இல்லை, விற்பனை இல்லாத இடத்தில் முத்திரைத் தீர்வை இல்லை. சனம் முழுக்க மலையில், வருமானம் முழுக்கச் சந்தியில் இருக்கும் 40, 50 கடையில். ஆக, சந்தியில் வசூலித்த பணத்தை மலைக்குக் கொண்டுபோக வேண்டும். சந்திக் கடைக்காரர்கள் அமர்வுக்கு வந்து "நாங்கதான் வரி கட்டுறோம்" என்று சொன்னபோது சபையில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பதில் இருக்கிறது. மலையிலிருந்து கொழுந்து இறங்காவிட்டால் சந்தியில் கடையே இல்லை. சம்பள நாளுக்கு மறுநாள் சந்தியில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். சவர்க்காரத்துக்கும் போன் ரீலோடுக்கும் கொடுக்கிற வரியை மலையில் இருப்பவரும் கொடுக்கிறார். காணி உரிமை கொடுக்காமல் வைத்துக்கொண்டு, காணி வரி கட்டவில்லையே என்று கேட்பது என்ன நியாயமோ.

2019 நவம்பரில் மறு ஆண்டுக்கான பாதீடு சபைக்கு வந்தது. அதற்கு முன் தோட்டத்திலிருந்து ஒரு மகஜர் போயிருந்தது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் எழுதியது, ஒரே ஒரு கோரிக்கை: எங்களுக்கு வீடு கட்டித் தாருங்கள். சபை அதை வாசித்தது, அனுதாபம் தெரிவித்தது, அமைச்சுக்கு அனுப்பிவைக்கத் தீர்மானித்தது. ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதே அமர்வில் சந்தியில் ஒரு வரவேற்புத் தோரணம் கட்டும் பிரேரணைக்கு முக்கால் மணி நேரம் பேசினார்கள். தோரணத்தின் உச்சியில் கொழுந்துக் கூடையா, தாமரையா என்பதில் வாக்குவாதம். கடைசியில் இரண்டையும் வைப்பதாக முடிவானது.

தோரணத்தைச் சொல்லிச் சிரிப்பது லேசு. பாதீட்டுப் பக்கங்களை வாசித்தபோது எனக்கு அதைவிடத் தைத்தது வேறொன்று. தோட்டப் பகுதிகளுக்கென்று ஒதுக்கிய பணம் உறுப்பினர்களுக்கிடையே சமமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எந்தத் தோட்டத்தில் என்ன தேவை என்ற கணக்கு எங்கும் இல்லை, ஆளுக்கு ஒரு துண்டு. அந்தத் துண்டை வைத்து ஒரு பெரிய வேலை செய்ய முடியாது, ஆனால் கொஞ்சத் தூரம் கொங்கிறீட் பாதை போடலாம். மூன்று வாரத்தில் முடியும், பெயர்க்கல் நடலாம், படம் எடுக்கலாம். நம்முடைய தோட்டப் பாதைகளில் நடந்தவர்கள் கண்டிருப்பீர்கள்: மண்ணில் தொடங்கி மண்ணில் முடிகிற கொங்கிறீட் துண்டுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்க்கல். தீயணைப்பு வண்டி நின்ற அந்தத் திருப்பத்துக்கு இரண்டு பக்கமும் அப்படித் துண்டுகள் இருந்தன. திருப்பம் மட்டும் இரண்டு வட்டாரங்களின் எல்லையில் கிடந்தது.

உறுப்பினர்களைக் குறை சொல்லி மட்டும் என்ன பயன்? கேட்கப்பட்டதும் அப்படித்தான் கேட்கப்பட்டது. சபையின் மக்கள் கலந்துரையாடல் வேலை நாளில், காலை 10 மணிக்கு. கொழுந்து எடுக்கிற பெண் அதற்கு வந்தால் அன்றைய பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போச்சு. 2019இல் ஒரு பேருக்கு அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய். அதைவிட்டு வந்தால் மூன்று மைல் நடந்துபோய், கடைசி வாங்கிலில் இருந்து, தலைவர் பேசுவதைக் கேட்டுத் திரும்பலாம். தலைவரோ தன் சங்கத்தின் உறுப்பினர் இருக்கிற சபையில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று அறிந்தவர். வந்தவர்களின் கையெழுத்துத் தாளை வாங்கிப் பார்த்தேன். லயம் எரிந்த குடும்பங்களிலிருந்து ஒருவர்கூட இல்லை.

இந்த இடத்தில்தான் அந்த அக்கா வருகிறார். பெயர் சொல்லக்கூடாது என்றார், சொல்லவில்லை. மாதர் சங்கத்தில் மைதா மாவும் முட்டையும் எண்ணிக்கொண்டிருந்தவர். பாதீடு முடிந்த பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் பெண்களைக் கூட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சபையால வீடு கட்ட ஏலாது. சரி. அவங்களால ஏலும்னு சட்டம் சொல்றது என்னா?" அதற்குப் பதில் தேடத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சட்டப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்தோம். குடிதண்ணீர், கான், பாதை, தெருவிளக்கு, பொது மலசலகூடம், குப்பை. இன்னொன்றும் கிடைத்தது. சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊர்மக்களையும் சேர்த்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. இத்தனை வருடமும் யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் கொடுக்கவில்லை.

அப்போது குடும்பங்கள் மைதானத்தின் ஓரத்தில், தகரமும் தறப்பாளும் வைத்துக் கட்டிய கொட்டில்களில் இருந்தன. தீக்குப் பிறகு தங்கியிருந்த கோவில் மண்டபத்தைத் திருவிழா வந்ததும் காலி செய்ய வேண்டியிருந்தது. மலைச் சரிவில் தண்ணீர் விழும் ஒரு பீலி, அதில் விடியற்காலை 4 மணிக்கே குடங்கள் வரிசை. மலசலகூடத்துக்குப் பக்கத்து லயத்துக்குப் போகவேண்டும், இரவில் விளக்கு இல்லை. பெண்கள் கேட்ட நான்கும் இதிலிருந்து வந்தவை: பீலியிலிருந்து குழாய், இரண்டு மலசலகூடம், மைதானத்துக்குப் போகும் வழியில் விளக்கு, அந்தத் திருப்பம். நான்கையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தத் தலைப்பில் பணம் இருக்கிறது என்றும் எழுதிக் கொடுத்தோம். 2020இல் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. 2021இல் குழாயும் விளக்கும் மலசலகூடமும் வந்தன. திருப்பம் வரவில்லை, இரண்டு உறுப்பினர்களும் அதை மற்றவரின் வட்டாரம் என்றார்கள். சுகாதாரக் குழுவில் அக்காவுக்கு ஓர் இடம் கிடைத்தது. தவிசாளர், "இப்பிடி ஒருத்தரும் வந்து கேட்டதில்லையே" என்றார். குற்றச்சாட்டா பாராட்டா என்று எனக்கு விளங்கவில்லை.

இத்தோடு நிறுத்தினால் இது வெற்றிக் கதை. 2022இல் வீடமைப்புப் பட்டியலைப் பற்றி விசாரிக்கப் போனபோது மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலர் கோப்பைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இவங்களுக்கு அடிப்படை வசதி செஞ்சு குடுத்திருக்கே. இன்னும் மோசமா இருக்கிறவங்க இருக்காங்க." தண்ணீர் வந்ததால், விளக்கு வந்ததால், அந்தக் கொட்டில்கள் அலுவலகத்தின் கண்ணில் ஒரு குடியிருப்பாகிவிட்டன. நாங்கள் போராடி வாங்கிய குழாயே வரிசையில் அவர்களைப் பின்னால் தள்ளியது. அந்த நாளில் வீட்டுக்கு வந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. தண்ணீர் கேட்டது தப்பில்லை. ஆனால் கேட்கும்போதே, இது தற்காலிக இடம், இந்தச் செலவு வீட்டுக்குப் பதிலாகாது என்று சபை அறிக்கையில் ஒரு வரி எழுத வைத்திருக்க வேண்டும். எங்களுக்கு அது தோன்றவில்லை. அக்கா மட்டும், "புள்ளைங்க ஒரு வருசமா நல்ல தண்ணி குடிச்சிருக்கு, அத கணக்குல போடுங்க சேர்" என்றார்.

வீடு என்று வந்தால் வழி என்ன என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. 7 பேர்ச் காணியில் தனி வீடு. ஒரு பேர்ச் 272 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல், ஆக 7 பேர்ச் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 10க்கு 12 அடிக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவருக்கு அது ஒரு நாடு மாதிரி. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள், பிறகு 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000. எல்லாம் வேண்டியவைதான். அவற்றுக்கு இடம் தெரிவாகும்போது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். நம்முடைய 19 குடும்பங்களுக்குத் தோட்டம் முதலில் காட்டிய இடம் அந்த அறிக்கையில் தேறவில்லை. தேயிலைக்கு உதவாத சரிவைத்தான் வீட்டுக்குக் காட்டியிருந்தார்கள்.

அறிக்கை தேறாத இடத்தில் குடியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலையகத்தில் ஒரு பெயர் போதும். கொஸ்லந்தை மீரியபெத்தை, 2014 அக்டோபர் 29. அந்த மண் நகரும் என்று 2005லும் 2011லும் எச்சரித்திருந்தார்கள். போ என்று சொன்னவர்கள் எங்கே போவது என்று சொல்லவில்லை. லயங்கள் மண்ணுக்குள் போயின. அதன் பின் நாடே பார்த்துக்கொண்டிருந்தது, இராணுவம் வந்தது, அப்படியிருந்தும் தப்பியவர்களுக்கு வீடு கைக்கு வர ஏறத்தாழ 2 ஆண்டு ஆனது. ஆள் சாகாத ஒரு லயத் தீக்கு யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு நாள் பத்திரிகையில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வந்தது, அவ்வளவுதான்.

பிறகு சபையே இல்லாமல் போனது. 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணம் இல்லை என்று தள்ளிப்போனது, அதே மாதம் சபைகளின் காலமும் முடிந்தது. தேர்தலை நடத்தாதது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6. இடையில் இரண்டு வருடத்துக்கும் மேலாக, பாதீட்டை அதிகாரிகளே போட்டு, அதிகாரிகளே ஏற்றுக்கொண்டார்கள். பார்வையாளர் வாங்கிலில் போய் உட்கார அமர்வே இல்லை. அக்காவின் குழு இடமும் போனது. மத்திய மாகாண சபையின் காலம் 2018இலேயே முடிந்துவிட்டது, இன்றுவரை மாகாணத் தேர்தலும் இல்லை. அந்தக் காலத்தில் சபையின் செயலாளர் தன் அதிகாரத்தில் ஒரு வேலை செய்தார். அந்தத் திருப்பத்தைப் போட்டார். உறுப்பினர்கள் இல்லாததால் வட்டாரச் சண்டையும் இல்லை. இதை எழுதும்போது எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

19 குடும்பங்களில் இப்போது மைதானத்தில் மிச்சம் 11. மற்றவர்கள் கொழும்புக்கு வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் போய்விட்டார்கள், சிலர் உறவினரின் லயத்தில் மறுபடி இஸ்தோப்பு மறைத்துக் குடியேறிவிட்டார்கள். பட்டியலில் பார்த்தால் பிரச்சினை குறைந்திருக்கிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்து மலையெங்கும் மண் சரிந்த பிறகு, வீடு கேட்டு நிற்போரின் வரிசை எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. தீயில் இழந்தவர்களுக்கு அந்த வரிசையில் தனி இடம் எதுவும் இல்லை.

புதிய சபைக்கு அக்கா கொண்டுபோன மகஜர் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் மூன்று பட்டியல்கள் பக்கத்தில் பக்கத்தில்: தோட்டத்தின் 12, கிராம உத்தியோகத்தரின் 15, அடுப்புக் கணக்கின் 19, ஒவ்வொரு பெயரும் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கோடு போட்டு. இரண்டாம் பக்கத்தில் கோரிக்கைகள். கலந்துரையாடலை ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் வையுங்கள். தோட்டத்துக்கான பணத்தை ஆளுக்கு ஒரு துண்டாக வெட்டாதீர்கள். சபை எல்லைக்குள் தறப்பாளின் கீழ் இருக்கிற குடும்பங்களுக்கு ஒரு பதிவேடு திறந்து, "வீடு இல்லாத குடும்பங்கள்" என்று அதற்குப் பெயர் வையுங்கள், வருடத்துக்கு ஒரு முறை அதைச் சபையில் வாசியுங்கள். மூன்றுக்கும் பெரிதாகக் காசு தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு உடனே சம்மதித்தார்கள். இரண்டாவதைப் பிறகு பார்ப்போம் என்றார்கள்.

பதிவேட்டுக்கு ஒரு கொப்பியும் கொஞ்ச நேரமும்தான் வேண்டும். அதை வாங்கவும் பாதீட்டில் ஒரு தலைப்பு வேண்டுமே என்று கிளாக்கர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். அக்கா மேசைக்கு முன்னால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கிளாக்கர் பேனாவை எடுத்து "இதர செலவுகள்" என்று எழுதினார்.